எந்தப் பக்கத்து மாமா?

காலையில் பல் தேய்க்கக் கொல்லைப்புறம் போன விஜய்பாண்டி, அங்கே முன்பின் பார்த்திராத ஒருவர் தனக்கு முன்பே வந்து பல் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோளில் துண்டு, வாய் நிறைய நுரை. இவனைக் கண்டதும் நுரையோடு சிரித்துத் தலையை ஆட்டினார். பிறகு குழாயை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று, அவன் வீட்டுக் குழாயில் அவனுக்கே இடம் கொடுத்தார்.

வேறு ஊராக இருந்தால் இந்நேரம் தெருவே கூடியிருக்கும். இது மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் வீடு கட்டிக் குடியிருப்பவனுக்கு இதெல்லாம் பழக்கம்தான். வருடம் முழுக்க இருக்கிறாயா செத்தாயா என்று கேட்காத சொந்தங்களுக்கு, அருவியில் தண்ணீர் விழுந்தது என்று செய்தி வந்தவுடன் பாசம் பொங்கிவிடும். எண்ணெய்ப் பாட்டிலும் மாற்றுத் துணியுமாக வந்து இறங்கிவிடுவார்கள்.

யார் என்று நேராகக் கேட்டுவிடலாம். போன வருடம் அப்படித்தான் கேட்டான். ஹாலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "தப்பா நெனைக்காதிய, நீங்க யாருன்னு தெரியலியே" என்று பணிவாகத்தான் கேட்டான். அவர் பார்வதியம்மாள். மாமியாரின் கூடப்பிறந்த அக்கா. அவன் கல்யாணத்தில் மணமேடையிலேயே நின்றவர். கடித்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு அந்த அம்மாள் எழுந்து போனார். மாமியார் பொங்கல் வரைக்கும் அவனோடு பேசவில்லை. அதிலிருந்து அவன் யாரையும் யார் என்று கேட்பதில்லை.

ஆகவே இப்போது சுற்றி வளைத்தான்.

"வாங்க வாங்க. எப்ப வந்திய?"

"விடியக்காலைலயே வந்துட்டேன். நீங்க நல்ல உறக்கம். அபர்ணாதான் கேட்டத் தொறந்துவிட்டுச்சு. மாடி ரூமையும் காட்டிட்டு. நல்ல பிள்ள."

"ரொம்பத் தூரம் வந்திருப்பிய."

"எங்க தூரம். இந்தா இருக்கு கோவில்பட்டி."

கோவில்பட்டி என்றதும் விஜய்பாண்டி மனதுக்குள் உறவுக் கணக்குப் போட ஆரம்பித்தான். கோவில்பட்டியில் அவனுக்கும் உறவுக்காரர்கள் உண்டு. ஆனால் அவர்கள் வந்தால் முதல் வேலையாக அவனை உலுக்கி எழுப்பிக் காப்பி கேட்பார்கள். குழாயில் இடம்விட்டு நிற்கிற நாசூக்கு அந்த வம்சத்திலேயே கிடையாது. இவர் ஜெயசித்ராவின் பக்கத்து ஆள்தான். அதுவும் சும்மா குளிக்க வந்தவராக இருக்க முடியாது.

முந்தின நாள் சண்டை அப்படி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அபர்ணா வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாள். வெளியே நிற்க வைத்தார்கள். மறுநாள் இன்னொரு கேள்வி கேட்டாள். மறுபடியும் வெளியே. அதற்குப் பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள், வீட்டிலும்கூட. வாய் ஓயாமல் ஏன் எதற்கு என்று அரித்தெடுத்த பிள்ளை, சோறு போட்டால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். விஜய்பாண்டியால் அதைச் சகிக்க முடியவில்லை. மகளையும், கூடவே சின்னவன் தாணுவையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டான். கட்டட வரைபடம் போட்டுக்கொடுக்கிற வேலை அவனுக்கு, வீட்டிலிருந்தே செய்யலாம். பிள்ளைகளும் வீட்டிலிருந்தே படிக்கட்டும், யாரும் சொல்லித் தராமல் தாங்களாகவே தேடிப் படிக்கட்டும் என்றான்.

இலத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் ஜெயசித்ரா இரண்டு வருடம் தவணை கொடுத்தாள். அந்தத் தவணை முடிந்துவிட்டது.

"திங்கக்கிழமதான் ஸ்கூல்ல சேக்கக் கடைசி நாளு" என்று நேற்று ஆரம்பித்தாள். "எனக்கு உங்க மேல கோவம் இல்ல. நாளைக்கு நாம ரெண்டு பேரும் பக்கத்துல இல்லாத நேரத்துல இதுக என்ன செய்யும்? அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"அதுகளே தேடிப் படிச்சிக்கிடும் சித்ரா."

"எங்கன படிக்கி? ஒருத்தி எந்நேரமும் போன நோண்டுதா. ஒருத்தன் அருவி அருவியா அலையுதான். நீங்க பின்னாலயே போயி கேள்வி கேட்டுட்டு இருக்கிய. நான் சொன்னா உங்களுக்கு ஏறாது. நீங்க சொன்னா எனக்கு ஏறாது. மூணாவது மனுசர் யாராவது ரெண்டு நாள் கூட இருந்து பாத்துச் சொல்லட்டும்."

நேற்றுச் சொன்னாள். இன்று மூன்றாவது மனிதர் குழாயடியில் நிற்கிறார்.

விஜய்பாண்டி அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தான். ஜெயசித்ரா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்திருக்காவளே" என்றான்.

"பாத்தேன். காப்பி குடுத்தாச்சு."

"ம்."

"கெட்டிக்காரத்தனம்தான்" என்றாள் அவள், தோசையைத் திருப்பிப் போட்டபடி.

ஆளையும் வரவழைத்துவிட்டுத் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளவும் செய்கிறாளே என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. பிள்ளைகளைத் தேடிப் போனான்.

பிள்ளைகள் மாடிப்படியில் தலையோடு தலை முட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அபர்ணாவுக்குப் பதின்மூன்று வயது, தாணுவுக்குப் பத்து. விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கியிருந்த மாடி அறையை, கோடை விடுமுறையில் ஒரு ப்ராஜெக்டுக்கு வேண்டும் என்று இருவரும் கேட்டு வாங்கியிருந்தார்கள். என்ன ப்ராஜெக்ட் என்று மட்டும் கேட்கக் கூடாது, உள்ளே வரக் கூடாது என்று நிபந்தனை. பிள்ளைகள் தாங்களாகவே ஒன்றைத் தொடங்குகிறார்களே என்று பூரித்துப்போய் உடனே கொடுத்திருந்தான். இப்போது அந்த அறையில் இந்த ஆளைத் தங்கவைத்தாயிற்று. பாவம், பிள்ளைகளின் ஆராய்ச்சி என்ன ஆயிற்றோ.

"இங்கன வாங்க ரெண்டு பேரும்" என்று ரகசியமாகக் கூப்பிட்டான். "வந்திருக்கவரு சாதாரண ஆள் இல்ல. எதுக்கு வந்திருக்காருன்னு எனக்குத் தெரியும்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அபர்ணாவின் முகம் வெளிறியது.

"யாருப்பா சொன்னா?"

"யாரும் சொல்லாண்டாம். அவரு நம்மளப் பத்தி என்ன சொல்லப்போறாருங்கதுலதான் எல்லாம் இருக்கு."

"அது எங்களுக்கும் தெரியும்" என்றான் தாணு. "நல்லபடியா சொன்னாத்தான் அடுத்தது நடக்கும்."

விஜய்பாண்டிக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. பிள்ளைகளுக்கே நிலைமை புரிந்திருக்கிறது.

"அப்பம் நான் சொல்லுதபடி கேளுங்க. பத்து மணிலேருந்து பன்னெண்டு வரைக்கும் ஹால்ல உக்காந்து, நீங்களா படிக்கணும்."

"நாங்களா படிக்கதுக்கு நீங்க டைம்டேபிள் போட்டுத் தாரியளாப்பா?" என்று கேட்டாள் அபர்ணா.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"பத்து மணிக்கு முடியாதுப்பா. சார ஐந்தருவிக்கு அனுப்பணும்."

"மாமாவப் போயி சார்ங்கிய. மாமான்னு கூப்பிடணும்."

இரண்டு பேரும் மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்குத் தெருமுனை ஆட்டோக்காரன் மாடனின் ஆட்டோ வந்து மாமாவை ஐந்தருவிக்கு ஏற்றிப்போனது. முன்சீட்டில் மாடனோடு நெருக்கி உட்கார்ந்து தாணுவும் போய்விட்டான். ஜெயசித்ரா வங்கிக்குப் போய்விட்டாள். அவர்கள் திரும்புவதற்குள் ஹாலைத் தயார் செய்துவிடலாம் என்று விஜய்பாண்டி இறங்கினான். அறிவுள்ள பிள்ளைகள் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றும்படி, மேசையில் உலக வரைபடப் புத்தகத்தை விரித்துவைத்தான். நாற்காலியில் பூதக்கண்ணாடியைப் போட்டான். நட்சத்திரங்களைப் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தைப் பாதியில் திறந்து குப்புற வைத்தான்.

மாமா ஈரத்தலையோடு திரும்பி வந்து, நேராக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நறுக்கென்று ஒரு சத்தம். எழுந்து பார்த்து, இரண்டாக உடைந்திருந்த பூதக்கண்ணாடியைச் சங்கடத்தோடு எடுத்து மேசையில் வைத்தார். வரும் வழியில் வாங்கிய ரம்புட்டான் பழங்களை வரைபடப் புத்தகத்தின் மேல் கொட்டி உரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ஆப்பிரிக்கா முழுவதும் பழச்சாறு ஓடியது.

"பிள்ளைகட்ட நீங்க ஏதாவது கேட்டுப் பாருங்களேன்" என்றான் விஜய்பாண்டி, ஆப்பிரிக்காவைப் பார்க்காமல்.

"என்ன கேக்க?"

"எது வேணா கேளுங்க. புத்தகத்துல இருந்துதான் கேக்கணும்னு இல்ல."

மாமா யோசித்தார். "ஏலே தாணு, நாளைக்குத் தண்ணி எப்படி விழும்?"

தாணு நிமிர்ந்து உட்கார்ந்தான். "மேல மலைல நேத்து ராத்திரி நல்ல மழை. காலைல பேரருவில ஆர்ச்சத் தொட்டு விழுந்துச்சு, அதனால போலீஸ் விடாது. சாயங்காலம் கொறஞ்சிரும். நாளைக்குக் காலைல பழைய குற்றாலம் போங்க. சனிக்கிழம, மத்த எடத்துல கூட்டம் தாங்காது. ஒம்பது மணிக்கு மேல கேரளா வண்டியெல்லாம் வந்துரும், அதுக்கு முந்தி முடிச்சிருங்க."

விஜய்பாண்டிக்கு உயிர் போயிற்று. இது எந்தப் பாடத்திலும் சேராத பேச்சு. வாடகை ஆட்டோக்காரன் பேசுகிற பேச்சு.

"அது கெடக்கட்டும் தாணு. அருவி எப்படி உண்டாவுதுன்னு மாமாவுக்குச் சொல்லு."

"தண்ணி மேலருந்து கீழ விழும்பா."

"அது இல்லலே. ஆவியாதல், குளிர்தல்..."

"குளிரத்தான தம்பி வந்திருக்கோம்" என்று மாமா சிரித்தார். தாணுவும் சிரித்தான். சிரிக்காதவன் விஜய்பாண்டி ஒருவன்தான்.

அறைக்குள் படிப்பு எடுபடவில்லை, சரி. வெளியே கூட்டிப் போனால் இயற்கையே பாடம் நடத்தும் என்று அவனுக்குத் தோன்றியது. சனிக்கிழமை மாமா அருவிக்குப் போய்வந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும், எல்லாரையும் மாடனின் ஆட்டோவில் ஏற்றி, சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலுக்குக் கொண்டுபோனான். ஜெயசித்ரா, துணி துவைக்க வேண்டும் என்று வரவில்லை. "நீங்களும் உங்க ஆளுமாப் போயிட்டு வாங்க" என்றாள். உங்க ஆளு என்று அவள் சொன்னது தாணுவைத்தான் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

வயல் முழுக்க மஞ்சள். வரப்பு முழுக்கப் போன் பிடித்த கைகள். விஜய்பாண்டி ஒரு வாய்க்கால் கரையில் ஏறி நின்று தொண்டையைச் செருமினான்.

"இந்தப் பூவுக்கு ஏன் சூரியகாந்தின்னு பேரு? காலைல கெழக்க பாக்கும். சூரியன் நகர நகர இதுவும் திரும்பும். சாயங்காலம் மேற்க பாக்கும். இப்ப மணி நாலு. பாருங்க, எல்லாப் பூவும்..."

எல்லாரும் பார்த்தார்கள். எல்லாப் பூவும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றன.

"மொட்டா இருக்கையிலதான்பா திரும்பும்" என்றான் தாணு மெதுவாக. "பூத்துட்டா அப்புறம் கெழக்க பாத்தபடியே நின்னுரும். போன வாரம் ஒருத்தங்க கேட்டாங்க. எனக்குத் தெரியல. பெறவு தேடிப் பாத்து வச்சுக்கிட்டேன்."

யார் கேட்டார்கள், எங்கே தேடினாய் என்று ஒரு தகப்பன் இந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும். விஜய்பாண்டி அவமானத்தில் பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் அபர்ணாவைக் காணோம் என்பதைக் கவனித்தான். வரப்பின் மறுகோடியில் கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னு வெள்ளம் கூடுதலாணு சேச்சி, நாளெ வரூ" என்று, இன்றைக்குத் தண்ணீர் அதிகம், நாளை வாருங்கள் என்பதை மலையாளத்தில் சொல்கிற அவள் குரல் காற்றில் வந்தது.

"ஏட்டி, தெரியாதவங்ககிட்ட என்ன பேச்சு" என்று கத்திக்கொண்டே அவன் வரப்பில் பாய்ந்தான். கால் வழுக்கியது. விழாமலிருக்க, பக்கத்தில் நின்ற மாமாவின் இடுப்பைப் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து வாய்க்காலுக்குள் உட்கார்ந்தார்கள். மாமாவின் வெள்ளை வேட்டி, களிமண் நிறத்துக்கு மாறியது. வரப்பில் நின்ற அத்தனை போன்களும் பூவை விட்டுவிட்டு இவர்கள் பக்கம் திரும்பின.

வயல்காரர் அதட்டிக்கொண்டு வந்தார். அபர்ணாதான் ஓடிவந்து அவரிடம் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள். பம்புசெட்டில் மாமா கால் கழுவ ஏற்பாடு செய்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்த வேட்டியைத் துவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் மாடிக்குக் கொண்டுபோனாள். எல்லாம் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் என்று விஜய்பாண்டி நினைத்துக்கொண்டான். மகள் மலையாளம் எங்கே படித்தாள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா கிளம்புகிறார். இதுதான் கடைசி வாய்ப்பு.

காலையில் மாமா கடைசிக் குளியலுக்குப் போன நேரம், விஜய்பாண்டி ஹாலின் நடுவில் செங்கல்லை அடுக்கி மலை கட்டினான். அதன் மேல் பாசியை ஒட்டினான். அடியில் குழந்தைகள் குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டியை வைத்தான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாயில் ஒரு ஹோஸைச் சொருகி மலையின் உச்சிக்குக் கொண்டுவந்தான். குற்றாலம் தயார்.

"தாணு, இது நீ செஞ்சது."

"நான் செய்யலியேப்பா."

"செங்கல்ல எடுத்துக் குடுத்தியால்லா?"

"ஒண்ணுதான் குடுத்தேன்."

"ஒண்ணு போதும். மாமா கேட்டா, நீயா யோசிச்சு நீயா செஞ்சதுன்னு சொல்லணும்."

"பொய் சொன்னா நம்ம பேரு போயிரும்பா."

மாமா வந்தார். குளித்துவிட்டு, உடுப்பு மாற்றி, பெட்டி கட்டி, படிக்கடியில் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார். ஜெயசித்ராவும் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். விஜய்பாண்டி குழாயைத் திறந்துவிட்டான்.

முதலில் அழகாகத்தான் விழுந்தது. "சாரல் மாதிரியே இருக்கு" என்றுகூட மாமா சொன்னார். அந்த உற்சாகத்தில் விஜய்பாண்டி குழாயை இன்னும் கொஞ்சம் திருகினான். குழாயின் பிடி கழன்று அவன் கையோடு வந்துவிட்டது. ஹோஸ் மலையை விட்டுத் துள்ளி இறங்கி, ஹாலைச் சுற்றி ஆடி, சுவர், சோபா, மின்விசிறி எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் படிக்கடியில் இருந்த பெட்டியின் மேல் நிலைகொண்டது. விஜய்பாண்டி அதைப் பிடிக்கப் போய், வழுக்கி, கடைசியில் உயிர் பிழைக்கச் சோபாவின் மேல் ஏறி நின்றான்.

"அபர்ணா, வால்வு" என்றான் தாணு.

"நான் பாத்துக்கிடுதேன். நீ மெயின அணை."

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள். தண்ணீர் நின்றது. தாணு மின்சாரத்தை அணைத்துவிட்டு விளக்குமாற்றோடு வந்து தண்ணீரை வாசல் பக்கம் தள்ளினான். அபர்ணா பெட்டியைத் திறந்து, நனைந்ததையும் நனையாததையும் பிரித்து, நனைந்ததைக் கொடியில் போட்டாள். மாமாவைக் காய்ந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். கேஸ் அடுப்பில் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருவரை ஒருவர் எதுவும் கேட்கவில்லை, பெரியவர்கள் முகத்தையும் பார்க்கவில்லை.

ஜெயசித்ரா அடுக்களை வாசலிலேயே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி" என்றார் மாமா சோபாவை நிமிர்ந்து பார்த்து. "எறங்குங்க. தண்ணி வடிஞ்சிட்டு."

விஜய்பாண்டி இறங்கினான். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. நாளைக்குச் சீருடை எடுக்கப் போவார்கள். அபர்ணா மறுபடியும் வாயை மூடிக்கொள்வாள். ஊர் சிரித்தாலும் அவனுக்குக் கவலை இல்லை; அந்த ஒன்றை நினைத்தால்தான் அழுகை வந்தது.

பிள்ளைகள் துணி எடுக்க மாடிக்குப் போன நேரம் பார்த்து, ஜெயசித்ரா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, மறைக்காம சொல்லணும். மூணு நாளா கூட இருந்து பாத்தியல்லா. பிள்ளைக எப்படி?"

"வீட்டுக்குப் போயி எழுதலாம்னு இருந்தேன். நீங்க கேட்டதனால இப்பமே சொல்லிருதேன்" என்றார் மாமா. "குறைன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு விஜய்பாண்டியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"சரி, அது பிள்ளைகளோட குறை இல்ல. விட்டுருவோம். முந்தாநாள் சாயங்காலம் எனக்குப் பிரஷர் மாத்திர தீந்துபோச்சு. மாத்திர பேரு எனக்கு வாயில நுழையாது. பழைய அட்டையக் காட்டினேன். உங்க மக அத போட்டோ புடிச்சி, ஹுஸைஃபா மெடிக்கலுக்கு அனுப்பி, அந்தத் தம்பிட்ட போன்ல பேசினா. அதே மருந்துதானா, அளவு அதேதானான்னு ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணின பெறவுதான் வாங்கித் தந்தா. உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது" என்றாள் ஜெயசித்ரா.

"உங்களுக்குத் தெரியணும்னு அவசியமே வரலம்மா. அதத்தான் சொல்லுதேன். சின்னவனும் அப்படித்தான். தெரியலன்னா தெரியலம்பான். கொஞ்ச நேரம் கழிச்சி வந்து, சார், தேடிப் பாத்துட்டேன்னு சொல்லுவான். என் கடைல வேல பாக்குற பெரிய ஆளுகள்ல ஒருத்தன்கூட இப்படிக் கெடையாது. நீங்க ரெண்டு பேரும் ஒரு மாசம் வெளியூர் போங்க. இந்த வீடு இதே மாதிரி நடக்கும். சொல்லப்போனா, இன்னும் கொஞ்சம் நல்லாவே நடக்கும்."

ஜெயசித்ரா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுடைய பயத்துக்கு யாரோ ஒருவர் நேராகப் பதில் சொல்லிவிட்டார்.

மாடனின் ஆட்டோ வந்தது. பிள்ளைகள் பெட்டியை ஏற்றினார்கள். அபர்ணா மாமாவிடம், "வேற என்ன சார் நல்லா இருந்திருக்கலாம்? எத மாத்தணும்? படிக்கட்டுல லைட் போதுமா?" என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே ஆட்டோவோடு தெருமுனை வரை நடந்தாள். தாணுவும் கூடவே போனான். விஜய்பாண்டி அதைக் கேட்டபடி வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். மகள் எப்போது திரும்பக் கேட்க ஆரம்பித்தாள் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகல" என்றாள் ஜெயசித்ரா.

"நிசமாவா?"

"பின்ன. உங்க பக்கத்து ஆளா இருந்தாலும், உங்களுக்காகப் பேசாம ஞாயத்தப் பேசினாரு. மொத நாளு, ஆளக் கூட்டியாந்துட்டாரே, கெட்டிக்காரத்தனம்தான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு."

"எம் பக்கத்து ஆளா?"

"உங்க கோவில்பட்டி மாமால்லா?"

"சித்ரா, அவரு உங்க பக்கம்னுல்லா நான் நெனச்சேன்."

இருவரும் ஈரத் தரையில் அப்படியே நின்றார்கள்.

"அப்பம் போன வாரம் குடும்பத்தோட வந்திருந்தாவளே, வாடிப்பட்டிக்காரவ?" என்றாள் அவள்.

"உங்க சித்தி வழின்னு நெனச்சி நான் முறுக்கு வாங்கிக் குடுத்தேன்."

"நான் உங்க அத்தை வழின்னு நெனச்சி சேல எடுத்துக் குடுத்தேன்."

"அதுக்கு முந்தி வந்த சாத்தூர் புதுமாப்பிள்ளயும் பொண்ணும்?"

ஜெயசித்ரா பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தெருமுனையிலிருந்து பிள்ளைகள் இருவரும் ஓடிவந்து, "வாங்க, வாங்க" என்று பைகளை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்கள். கடைசியாக இறங்கிய அம்மாள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். நனைந்த சட்டையோடு வாய் திறந்து நிற்கிற விஜய்பாண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கைகூப்பினாள்.

"மாடி ரூம் புக் பண்ணினவங்க நாங்கதான் சார். 'வீட்டுல அப்பா ஒருத்தர் உண்டு, ஓயாம கேள்வி கேப்பாரு, ஆனா ரொம்ப நல்லவரு, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க'ன்னு ஓனரு அபர்ணா மேடம் ரூம் விளம்பரத்துல மொதல்லயே போட்டிருந்தாவ. அது நீங்கதானா?"